உரக்கச் சொன்ன எடை

எடை பார்க்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இப்போதுள்ள கருவியில் குழந்தையை நிறுத்தினால் எண் தானாகவே ஒளிர்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. நான் அதைத் தாமதமாகக் கற்றேன். நான் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. பணிக்காலத்தில் எத்தனையோ நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றில் சில எனக்குப் பெருமை தருபவையும்கூட. செவிலியர் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எதைச் சொல்வது என்று எண்ணிப் பார்த்தபோது, பெருமை தராத இதுதான் முன்னால் வந்து நின்றது.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் ஒரு தாய்சேய் நல மையத்தில் நான் செவிலியராக இருந்தேன். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போய்வருவேன். அங்கே ரயில் பாதையை ஒட்டிய காலனியில் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது என் வேலை. பூவரச மரக்கிளையில் தராசைக் கட்டி, துணித்தூளியில் குழந்தையை இட்டு, முள் நின்றதும் எடையை உரக்கச் சொல்வேன். போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் சுற்றி நிற்கும் பெண்கள் ஆரவாரம் செய்வார்கள். "ஏறிட்டான்டி உன் புள்ள" என்று யாராவது தாயின் முதுகில் தட்டுவார்கள். உரக்கச் சொல்வது எங்கள் மையத்தின் வழக்கம். அது தாய்மார்களுக்கு ஊக்கம் தருகிறது என்று பார்வையிட வருபவர்களும் பாராட்டிவிட்டுப் போவார்கள். என் குரல் நல்ல குரல். மரத்தடி தாண்டிக் கேட்கும்.

எங்கள் மையத்தை நடத்தியவர் ஒரு மூத்த பெண் மருத்துவர். அதே திண்டிவனத்தில், கடைத்தெருவை அடுத்த வசதியான தெருக்களில், இன்னொரு விதமான பிள்ளைகளை அவர் கவனித்திருந்தார். ரிக்‌ஷாவில் பள்ளிக்குப் போய், ரிக்‌ஷாவில் திரும்பி, பேக்கரி பிஸ்கட்டோடு தொலைக்காட்சியின் முன் உட்காரும் பிள்ளைகள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும் பிள்ளைகள். கொழுத்த பிள்ளை வீட்டின் பெருமை என்று எண்ணப்பட்ட காலம் அது. ஒரு பிள்ளை மெலிந்தால் பதறுகிற தெரு, பெருத்தால் மகிழும். இதில் நாம் செய்ய என்ன இருக்கிறது என்று நான் கேட்டபோது, "அங்க சோறு இல்லம்மா. இங்க ஓட்டம் இல்ல. ரெண்டும் நம்ம வேலதான்" என்றார்.

அவரே தெருப் பெண்களைக் கூட்டிப் பேசினார். மாலையில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் வேண்டும் என்றதும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலைக்கு மண்டி நடத்தும் ஒருவர் தன் வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவே இருந்த காயப்போடும் களத்தைத் தர முன்வந்தார். மாலை நான்கு மணிக்குக் கடலையை வாரி ஒதுக்கியதும் சிமெண்ட் தரை இளஞ்சூட்டோடு காலியாகக் கிடக்கும். நொண்டி, கோ-கோ, கயிறு தாண்டல், ஏழாங்கல் என்று பிள்ளைகள் அதை நிறைத்தார்கள். தாய்மார்கள் மதில் ஓரமாகச் சாக்குகளை மடித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சில நாள் கழித்து அவர்களில் சிலர் எழுந்து களத்தைச் சுற்றி நடக்கவும் தொடங்கினார்கள். பிஸ்கட் பொட்டலங்கள் போய், அவித்த மல்லாட்டையும் கேப்பை அடையும் தூக்குகளில் வந்தன. நடத்தும் பொறுப்பு என்னுடையது.

மண்டிக்காரரின் ஒரே மகள் அமுதா. ஒன்பது வயது, பருத்த உடம்பு, நிதானமான கண்கள். ஓட்டத்தில் பின்தங்குவாள். ஆனால் ஏழாங்கல்லில் அவளை வெல்ல ஆளில்லை. பந்தை எடுத்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து எறிந்தாள் என்றால் அடுக்கிய கல் சிதறிப்போகும். அவள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சேரப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். எறிந்துவிட்டு ஓட வேண்டியிருந்ததால் அவள் ஓடவும் செய்தாள். நாங்கள் விரும்பியது இதைத்தான். இவ்வளவு எளிதாக நடந்துவிட்டதே என்று நான் வியந்தேன்.

பிறகுதான் எனக்கு எடை பார்க்கத் தோன்றியது. இப்போது பார்த்து வைத்தால் ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம் என்று எண்ணினேன். வளர்ந்த பிள்ளைகளைத் தூளியில் இட முடியாது. மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் களத்துக்கு உருட்டிவரச் சொன்னேன். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, காலனி மரத்தடியில் சொல்லும் அதே குரலில் ஒவ்வொருவர் எடையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அமுதா. நாப்பத்தி நாலு."

மதில் ஓரம் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தோலோடு கட்டிய மல்லாட்டை மூட்டை நாற்பது கிலோ. "மூட்டைக்கு நாலு கிலோ ஜாஸ்தி கீதே" என்றார். அவர் மனத்தில் வன்மம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். சாக்குகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் புன்னகையோடு, "அமுதா இனிமே நல்லா ஓடணும், சரியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அவள் தராசிலிருந்து இறங்கினாள். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மதிலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் விளையாடவில்லை. களைத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு நான் ரயிலைப் பிடிக்கப் போனேன்.

அடுத்த முறை போனபோது களத்தின் கதவு பூட்டியிருந்தது. காவல்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"தொறக்க வாணாம்னு அம்மா சொல்லிட்டாங்க, நர்சம்மா. பாப்பாக்குக் கண்ணு பட்டுட்ச்சாம். மறுநாள் ஸ்கூல்லேர்ந்து வந்து படுத்ததுதான், வயித்து வலி. எழுந்துக்கவே இல்ல."

"யார் கண்ணாம்?"

அவர் தன் கால் விரல்களைப் பார்த்தார். "உங்க கண்ணுதான்னு பேசிக்கிறாங்க."

தெருவில் திரும்பி நடந்தபோது, வாசலில் நின்ற ஒரு பெண் இடுப்புக் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். போன வாரம் எனக்கு மோர் கொடுத்தவள்.

விழுப்புரம் திரும்பி மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். படித்தவர்கள் வீட்டிலேயே இப்படி என்றேன். ஒரு தெருவே மூடநம்பிக்கையில் கிடக்கிறது, இவர்களுக்காக நாம் ரயிலேறிப் போகிறோம் என்றேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "குழந்தைக்கு என்னன்னு பார்த்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உன் பேர் கெட்டதப் பத்தியே இவ்வளவு நேரம் பேசின" என்றார். "நாளைக்குப் போய்ட்டு வா."

மறுநாள் அந்த வீட்டில் என்னை முதலில் எதிர்கொண்டவர் மண்டிக்காரரின் தமக்கை. "ஒரு தபா பாத்ததே போதாதா? மறுபடியும் பாக்கணுமா?" என்று வழியை அடைத்து நின்றார். அமுதாவின் தாய் உள்ளிருந்து வந்து, "வரட்டும் அண்ணி. பாத்துட்டுப் போட்டும்" என்றார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. வேறு எதுவும் தெரியவில்லை.

அமுதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காய்ச்சல் இல்லை. நாக்கு ஈரமாக இருந்தது. வயிறு மெத்தென்று இருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், நான் கை வைத்த இடமெல்லாம் வலிக்கிறது என்றாள். தாயை வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.

"அமுதா, வலி இல்லதானே?"

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "சொல்லிடாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"வலி இல்லன்னா களத்துக்குப் போவச் சொல்லுவாங்க. ஸ்கூலுக்குப் போவச் சொல்லுவாங்க."

"போனா என்ன?"

"மூட்டன்னு கூப்புட்றாங்க. பெஞ்ச்ல உக்காந்தா, மூட்டைய நிறுத்தாச்சா நிறுத்தாச்சான்னு கேக்கறாங்க." மூக்கை உறிஞ்சினாள். "மத்தவங்க சிரிச்சாங்க, சரி. நீங்க ஏன் அவ்ளோ சத்தமா சொன்னீங்க?"

பல ஆண்டுகளாக ஊக்கம் என்று பெயரிட்டு வைத்திருந்த ஒன்றுக்கு அந்த அறையில் விளக்கம் கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே தலையசைத்தாள்.

கூடத்துக்கு வந்தபோது மண்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். களத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெண்கள் சிலரும் செய்தி அறிய வந்து நின்றிருந்தார்கள்.

"டாக்டரம்மா கேட்டாங்கன்னுதான் களத்தக் குடுத்தேன்" என்றார் அவர். "பிள்ளைங்க வெளாடட்டும்னு எனக்கும் ஆசதான். ஆனா ஊட்ல நிம்மதி போய்ட்ச்சி. பொண்ணு துன்னாம கெடக்கறா. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

அவருடைய தமக்கை இடைமறித்தார். "ஊரான் வூட்டுப் பிள்ளைய எல்லாம் ஒண்ணொண்ணா ஏத்தி எறக்கிப் பாத்தா, அந்தக் கண்ணு எப்பிடி இருக்கும்? இவங்களுக்குப் புள்ள குட்டி இருக்குதான்னு கேளு மொதல்ல."

எனக்குக் குழந்தைகள் இல்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கணத்தில் என் நிலையை நீங்கள் எண்ணிப் பாருங்கள். என் பெயரைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் உண்மையும்கூட. சொன்னால் கதவு திறந்துவிடும், பிள்ளைகள் அனைவரும் மாலையே களத்துக்குத் திரும்பிவிடுவார்கள், ஒரு மூடநம்பிக்கையும் ஒழியும். இத்தனை நியாயங்களும் ஒன்றாகத் திரண்டு வந்தன. அவற்றின் அடியில் இருந்தது அந்த அம்மாள் சொன்ன சொல்லின் எரிச்சல் மட்டும்தான்.

"உங்க பொண்ணுக்கு வயித்துல ஒண்ணுமே இல்ல" என்று தொடங்கினேன். "அவ வந்து..."

அறையின் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவள் எழுந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். தாய் வெந்நீர்ச் சொம்போடு தூணருகே நின்று என்னையே பார்த்தார்.

"அவ வந்து... சீக்கிரம் எழுந்துடுவா" என்று முடித்தேன்.

"ஒண்ணும் இல்லன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. அப்ப கண்ணுதான்" என்றார் தமக்கை.

தாய் சொம்பைக் கீழே வைத்தார். "நர்சம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க காலடி மண்ணு வேணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். யார் கண் பட்டதோ அவர் மிதித்த மண்ணை எடுத்து, உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாமல்தான் எடுப்பார்கள். முகத்துக்கு நேரே கேட்பது அரிது. இந்த வழக்கத்துக்கு எதிராக நானே பள்ளிகளில் பேசியிருக்கிறேன். கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். கொடுக்காவிட்டால் அமுதா படுக்கையிலிருந்து எழ ஒரு காரணமும் இருக்காது. அவளுடைய பொய்யை உடைக்காமல் அவளை வெளியே கொண்டுவர அந்த வீட்டில் அந்த ஒரு வழிதான் திறந்திருந்தது.

கிணற்றடியில் ஈரமண் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றேன். தாயே குனிந்து என் பாதத்தின் ஓரத்திலிருந்து மண்ணைக் கிள்ளி எடுத்தார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. அமுதாவை வாசலில் உட்காரவைத்துச் சுற்றி, எல்லாவற்றையும் அடுப்புத் தணலில் போட்டார்கள். கண்பட்டிருந்தால் மிளகாய் கருகும்போது நெடி வராது என்பார்கள். அன்று நெடி வந்தது. என் தொண்டை கமறிக் கண்ணில் நீர் முட்டியது. இருமலை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

"பாரு, நெடியே இல்ல" என்றார் தமக்கை, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் அமுதா எழுந்துவிட்டாள் என்றும், களத்தைத் திறந்துவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. நான் மட்டும் அங்கே வரக்கூடாது என்றார்கள். பொறுப்பு இன்னொரு செவிலியரிடம் போனது. சுமைக்காரருக்கு மண்டியில் நல்ல ஏச்சு கிடைத்ததாம். தராசு மண்டிக்குத் திரும்பிப் போயிற்று. ஏன் காலடி மண் கொடுத்தாய் என்று மருத்துவர் கேட்டார். "கேட்டாங்க, கொடுத்தேன்" என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இனிமே எடைய அம்மா காதுல மட்டும் சொல்லு. எங்க போனாலும்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

இதைக் கேட்டு என்னை உயர்த்தி எண்ணிவிடாதீர்கள். நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் என் வாக்கியம் பாதி வெளியே வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நின்ற குழந்தை அந்தப் பாதியைக் கேட்டிருக்கிறாள். மீதியையும் சொல்லிவிடுவேனோ என்று அவள் நின்ற அந்த நேரத்தை என்னால் அவளிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. பணியில் நெருக்கடி வரும்போது உங்களுக்கும் நியாயங்கள் திரண்டு வரும். அவற்றில் எது குழந்தைக்காக வந்தது, எது உங்களுக்காக வந்தது என்று ஒரு மூச்சு நேரமாவது நின்று பாருங்கள்.

அதன் பிறகு மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் திண்டிவனத்தில் விழுப்புரம் பாசஞ்சர் புறப்படும் நேரத்தில் அமுதாவின் தாய் ஏறினார். திருவாமாத்தூர் கோயிலுக்குப் போகிறாராம். பெட்டியில் இடம் நிறைய இருந்தும் என் எதிரிலேயே உட்கார்ந்தார். மயிலம் ஸ்டேஷன் தாண்டும்வரை இருவரும் சன்னலைப் பார்த்தபடி வந்தோம். பிறகு அவர் பையிலிருந்து அவித்த மல்லாட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அவளுக்கு வயித்து வலி இல்லன்னு எனக்கு மொதல் நாளே தெரியும், நர்சம்மா."

நான் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"எல்லாரும் படுத்தப்பறம் எழுந்து ரெண்டு தோசை துன்னுட்டுப் படுத்துக்கினா. துன்னு போட்டுத் தட்டக் கழுவி வேற வெச்சிட்டா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா கண்ணுன்னு சொன்னீங்க?"

அவர் ஒரு கடலையை உடைத்து, தோலைச் சன்னலுக்கு வெளியே போட்டார். "கண்ணு பட்ச்சின்னா பாத்தவங்க மேல தப்பு. குண்டுன்னா அவ மேல தப்பு. அத்தினி பேர் சிரிச்சிட்டாங்க. எதுனா சொல்லி அத அவ தலமேலேர்ந்து எறக்கணும் இல்ல? நீங்கதான் கைக்கு ஆப்புட்டீங்க."

அடுத்த கடலையின் தோலை அவர் விரல்களுக்கிடையே நொறுக்கினார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி நானுந்தான் சிரிச்சேன். எம் பொண்ணு. நானே சிரிச்சேன்" என்றார்.

ரயில் பாதை ஓரத்துக் காலனி நினைவுக்கு வந்தது. எடை கூடாத பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போகும் தாய்மார்களை நான் அத்தனை ஆண்டுகளும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய எண்களையும் இதே குரலில்தான் சொன்னேன். மெலிந்த பிள்ளைக்கு யாரும் கண்வைப்பதில்லை. பழியைத் தூக்கிப் போட அவர்களுக்கு என் காலடி மண்கூட உதவியிருக்காது. ஆரவாரம் மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது.

"கூடத்துல நீங்க வாயத் தொறந்தப்ப, சொல்லிடுவீங்களோன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றார் அவர்.

"சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்" என்றார். அதில் மன்னிப்பும் இல்லை, குறையும் இல்லை. கடலையை இன்னும் கொஞ்சம் எடுத்து என் கையில் போட்டார்.

விழுப்புரம் நெருங்கியது. இறங்குவதற்காக இருவரும் எழுந்தோம். கேட்கலாமா என்று தயங்கி, "அமுதா விளையாட வர்றாளா?" என்று கேட்டேன்.

முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது. "அவ இல்லாம ஆட்டமே கெடையாது இப்ப. ஸ்கூலுக்கும் நடந்துதான் போறா, ரிக்‌ஷாவ நிறுத்தியாச்சி. சாயங்காலம் வேர்த்துக்கினு வந்து, ஜல்தி தண்ணி குடும்மான்னு கேக்கறா." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தவர் திரும்பினார். "எடை எவ்ளோன்னு மட்டும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது.